நரம்புக்கு வெந்நீர்

என் கணவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அடுப்படியில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாக்கெட் மீ நூடுல்ஸைக்கூடக் கஞ்சியாக்கிவிடுகிற மனிதர். ஆனால் எனக்கு நோய் வந்த பிறகு அந்த வெந்நீர்தான் எங்கள் வீட்டில் பெரிய வைத்தியமாக இருந்தது.

நோயின் பெயர் மல்டிப்பிள் ஸ்க்லெரோசிஸ். எம்.எஸ். என்பார்கள். கிள்ளானில் சரக்கு அனுப்புகிற ஓர் ஆபிஸில் எனக்கு வேலை. ஒருநாள் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணை உருட்டினாலே வலித்தது. மறுநாள் அந்தக் கண்ணில் பார்த்தால் என் குங்குமம் செங்கல் பொடி மாதிரி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. சில மாதம் கழித்து வலது கண்ணுக்கும் அதே கதை. கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பார்வை திரும்பி வந்தது, பெயரும் வந்து சேர்ந்தது.

நரம்பு டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. பொறுமையாகப் பேசுவார். உடம்புக்குள் காவலுக்கு இருக்கிற அணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே கடிக்கின்றன, வயரின் மேலிருக்கும் ரப்பரை எலி கடிப்பது போல, என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்தவன் கடித்தால் நாலு வார்த்தை திட்டலாம். என் உடம்பே என்னைக் கடித்தால் யாரைப் போய்த் திட்டுவது?

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அதைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்டேன். இப்போது போடுகிற ஊசியோடு ஒரு வருஷம் அமைதியாகப் போனால் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். நடுவில் மறுபடி தாக்கினால் கடுமையான மருந்துக்கு மாற வேண்டியிருக்கும், அது உடம்பில் இருக்கும்போது பிள்ளை கூடாது, எத்தனை காலம் தள்ளிப்போகும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலண்டர் கிழிப்பது என் கணவர் வேலை. ஒவ்வொரு தாளையும் கிழித்து நாலாக மடித்துக் குப்பையில் போடுவார்.

நான் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்ததும் அந்த வருஷத்தில்தான். பெரிய மருத்துவமனையின் கண் பிரிவில் அந்த ஆராய்ச்சியைச் செய்கிற ஒரு பெண் வந்து பேசினாள். மதுரைப் பக்கம் அவளுக்கு ஊர். வேலை விசாவில் இங்கே வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிற விழித்திரையும் மூளையின் ஒரு துண்டுதானாம். மண்டையைத் திறக்காமல் நரம்பை நேராகப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதானாம். அங்கே எந்த அடுக்கு மெலிகிறது, அதே சமயம் இரத்தத்தில் எந்தக் காவல் அணுக்கள் ஆட்டம் போடுகின்றன என்று சேர்த்துப் பார்க்கிறார்களாம்.

“உங்களுக்கு இதனால ஒரு பலனும் இல்லக்கா. பின்னாடி வர்றவங்களுக்குத்தான்” என்றாள். இவ்வளவு நேரடியாக யாரும் என்னிடம் எதையும் விற்றதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சில மாதங்களுக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு கொமுட்டர் ரயில் ஏறிப் போவேன். இருட்டறை. ஏர்கான் குளிர் எலும்பில் இறங்கும். முகவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். பிறகு கைநிறைய இரத்தக் குழாய்களோடு அவள் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடுவாள். அணுக்கள் உயிரோடு இருக்கும்போதே பிரித்தாக வேண்டுமாம். திரும்பி வந்து என் கண்ணின் படத்தைக் காட்டுவாள். அசல் கேக் லாப்பிஸ். மெல்லிய அடுக்கு அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று. என் கேக்கில் மேலடுக்கு மட்டும் கஞ்சத்தனமாக ஊற்றியது போல மெலிந்திருந்தது. போன தாக்குதல் விட்டுப்போன தடம் அது, திரும்ப வளராது என்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. என் கண்தான், ஆனாலும் வேறு யாருக்கோ நடந்தது போலப் பாவமாக இருந்தது.

வருஷக் கடைசியில் மழை பிடித்தது. என் பாதம் இரண்டும் மரத்துப்போக ஆரம்பித்தன. பழைய கோளாறுதான், புதிதல்ல என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வேலையிடத்தில் யாரிடமோ விசாரித்திருக்கிறார். நரம்புக்குச் சூடுதான் மருந்து என்று முடிவாகிவிட்டது. அவருடைய அப்பாவுக்குக் கை விழுந்தபோது வீட்டில் அப்படித்தான் செய்தார்களாம். மறுநாளே எங்கிருந்தோ ஒரு பெரிய அலுமினியப் பானை வந்தது, ஒரு பை நிறைய நொச்சி இலையும் வந்தது.

வீட்டில் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதே என்றேன். அந்தச் சூடு தோலோடு நின்றுவிடும், நரம்புவரை போகாது என்றார். ஹீட்டருக்குள் நொச்சி இலையைப் போட முடியுமா என்று வேறு கேட்டார். விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்ற வைப்பார். இலை வெந்து வீடு முழுக்கக் கசப்பு வாடை அடிக்கும். பானையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு வருவார். நான் முக்காலியில் உட்கார, முதுகிலும் காலிலும் மொண்டு மொண்டு ஊற்றுவார். ஆவியில் எதிரே இருக்கிற சுவர்கூடத் தெரியாது. சுடுதா, சுடுதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சுடத்தான் செய்தது. ஆனால் நாளெல்லாம் இரும்பும் பலகையுமாகத் தூக்கி இறக்குகிற கை, என் முதுகில் அவ்வளவு மெதுவாகப் பட்டது. நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். பொய்யும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாலை வேளைகளில் கண் மங்க ஆரம்பித்தது. குளித்துவிட்டுச் சாமி விளக்கு ஏற்ற உட்காருவேன். திரி இருக்கிற இடம் தெரியாது. சாமி படங்கள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியது போல இருக்கும். கொஞ்ச நேரம் படுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் தெளிந்துவிடும். நாள் முழுக்க உழைத்த கண், களைத்துப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் மங்கியது. அதற்கடுத்த நாளும். மறுபடி தாக்கிவிட்டதோ என்று தோன்றியது.

அவரிடம் சொன்னேன். முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து பானையில் இன்னொரு கைப்பிடி நொச்சி கூடுதலாக விழுந்தது, தண்ணீரும் இன்னும் கொதித்தது. எனக்கென்று வைத்தியம் பார்ப்பதற்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதானே. அதே நாட்களில் வீட்டில் எந்நேரமும் ஒரு பழைய முழுக்கை டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் புழுக்கத்திலும் கழற்றவில்லை. அதைத் துவைக்கவாவது போடுங்கள் என்று கத்தினேன், காதில் விழாதது போலப் போய்விட்டார்.

ஆராய்ச்சிக்குப் போகிற நாள் வந்தது. ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, இந்த வருஷத்துக் காலண்டரில் கிழிக்க இருந்த கொஞ்சம் தாள்தான் மனசில் ஓடியது. மறுபடி தாக்கிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள், மருந்து மாறிவிடும், பிள்ளை என்ற பேச்சையே மடித்துப் பரண்மேல் போட வேண்டியதுதான். பக்கத்தில் ஓர் ஆன்டி பூச்சரம் வாங்கிக்கொண்டு போனார். எடுத்துக்கோம்மா என்று ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் கண் மங்குகிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னதும் அவள் முகமும் மாறிவிட்டது. உடனே நரம்பு டாக்டருக்குப் போன் போட்டு வரவழைத்தாள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். போன தடவை படித்த வரி வரைக்கும் பிசகாமல் படித்தேன். வண்ணங்களைச் சரியாகச் சொன்னேன். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கோ எரிச்சல். பல் வலிக்கிறது என்று கிளினிக் வாசலை மிதித்ததும் வலி ஓடிப்போகுமே, அப்படி என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டது என் கண்.

“மங்குறதுக்கு முன்னாடி என்னக்கா பண்ணிட்டு இருப்பீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றாள் அந்தப் பெண்.

என்ன பண்ணுவேன். ஆபிஸ் விட்டு வருவேன், தேத்தண்ணி குடிப்பேன், குளிப்பேன், விளக்கு ஏற்றுவேன். குளிக்கிறது பச்சைத் தண்ணியிலா என்றாள். பச்சைத் தண்ணியா, கோழியைப் போட்டால் இறகு உதிர்ந்துவிடும் என்று பானையையும் நொச்சியையும் பற்றிச் சொன்னேன். அவள் டாக்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மனுஷி உயிர் போகிற விஷயம் பேசிக்கொண்டிருக்கிறேன், உனக்குச் சிரிப்பு வருகிறதா என்று கேட்டேவிட்டேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டிலும் இதையேதான் செய்திருப்பார்கள் என்றாள்.

பிறகு என்னை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். ஏர்கான் இல்லாத பின்பக்க மாடிப்படியில், அந்தப் பெண்ணும் கூடவே வர, மூச்சு வாங்கும் வரைக்கும் என்னை ஏறி இறங்க வைத்தார்கள். சட்டை நனைந்து, உடம்பு தகதகவென்று சூடாகி வந்து பலகையைப் பார்த்தேன். கீழ்வரிகள் எல்லாம் பாலில் விழுந்த மாவு. அதே வெள்ளைத் துணி. குளிர் அறையில் உட்கார வைத்து ஐஸ் தண்ணீர் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

முன்பே அடிபட்ட நரம்பு உடம்புச் சூடு ஏறினால் சேதியைச் சரியாகக் கடத்தாது, சூடு இறங்கினால் பழையபடி ஆகிவிடும் என்றார் டாக்டர். வெந்நீரால் புதிதாக ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அந்தப் பெண் போன தடவை எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். என் மெலிந்த கேக் அப்படியே இருந்தது, இதற்குமேல் மெலியவில்லை, வீங்கவும் இல்லை. இத்தனை வாரமாக நடந்தது புதுத் தாக்குதலாக இருந்தால் இதில் தெரிந்திருக்கும் என்றாள். டாக்டர் ஒரேயடியாகத் தலையாட்டிவிடவில்லை. அன்றைக்கே தலை ஸ்கேனும் எடுக்க வைத்து, அதையும் பார்த்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். புதிதாக ஒன்றும் இல்லை. மருந்து மாற்ற வேண்டாம். வருஷம் முடிந்ததும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிள்ளையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

பலன் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தானே என்னைச் சேர்த்தாய் என்று வாசலில் அந்தப் பெண்ணைக் கேட்டேன். என் கையிலிருந்த பூவை அவள் தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பானை கொதித்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்ததில் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள், அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். தாக்குதல் இல்லை. மருந்து மாறவில்லை. சூட்டினால்தான் மங்கியது.

அவர் அடுப்பை அணைத்தார். பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்போ நான் ஊத்த ஊத்தத்தான் உனக்குக் கண்ணு தெரியாம போச்சா?”

கெடுதல் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கேட்ட மாதிரி இல்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார். நொச்சி இலையை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பையில் போட்டார். வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, குளி என்று மட்டும் சொன்னார்.

குளித்தேன். பற்கள் கிடுகிடுத்தன. துவட்டிக்கொண்டு வந்து விளக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரி தெரிந்தது. சாமி படங்கள் தெரிந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த நேரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்க அவர் கையை நீட்டியபோது, பானை தூக்கச் சுருட்டி விட்டிருந்த டீ-ஷர்ட் கை இன்னும் இறங்காமல் இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் கன்றிப்போய், பழைய கொப்புளம் உடைந்து கறுத்து, அதன்மேல் புதுக் கொப்புளம் நீர் கோத்து நின்றது. மறு கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

“ஒண்ணுமில்ல லா. பானை கொஞ்சம் பட்டுச்சு” என்றார்.

காலையில் நான் எழுவதற்குள் முழுக்கைச் சட்டையில் கிளம்பிப் போகிறவர். மாலையில் ஆவியும் என் மங்கலும். இத்தனை நாளும் அந்தக் கை என் கண்ணில் படவே இல்லை. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொண்டது. மருந்துக் களிம்பை எடுத்து வந்து அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு கொப்புளமாகப் பார்த்துப் பார்த்துத் தடவினேன். எரிந்திருக்கும். நிஜமாகவே பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னாரா என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“சொன்னாங்க. முதல்ல இந்தக் கை ஆறட்டும். இதுலதானே தூக்கணும்” என்றேன்.