வலிக்குதா என்று கேட்டவள்

திருக்கனூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கை மட்டும் பெரிய கை. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தாள். கட்டை விரலால் தன் முழங்காலையே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, கால் வலியா?” என்று கேட்டேன்.

“இல்ல ஆயா, மசாஜ் படிக்கிறேன். நாளைக்குப் பரீட்சை. பாஸானா வில்லியனூர்ல பொம்பளைங்களுக்குன்னு கடை போடப் போறேன். கூடப் படிக்கிறதெல்லாம் சின்னப் பொண்ணுங்க. வயசானவங்க ஒடம்புல எனக்குக் கை பழகல. உங்க தோள கொஞ்சம் குடுங்களேன்.”

“அய்ய, பஸ்ல போயா?” என்று கூச்சப்பட்டேன். அவளோ உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, முந்தானைக்கு மேலேயே தோளைப் பிடித்துவிட்டாள்.

“வலிச்சா சொல்லிடணும் ஆயா. அத வெச்சித்தான் எவ்ளோ அழுத்தலாம்னு கத்துக்குவேன்.”

வலித்தது. ஆனால் சொன்னால் கையை எடுத்துவிடுவாளே! என் வீட்டுக்காரர் இறந்த பிறகு யாரும் என்னை அப்படித் தொட்டதில்லை.

“வலிக்கலம்மா,” என்றேன்.

அவள் இன்னும் அழுத்தினாள். வில்லியனூர் வருவதற்குள் “வலிக்குதா ஆயா?” என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

“கெட்டி ஒடம்பு ஆயா உங்களுக்கு!” என்று சிரித்தபடி இறங்கிப் போனாள்.

அப்புறம் அவளைப் பார்க்கவில்லை. வில்லியனூரில் பஸ் நிற்கும்போதெல்லாம் அவள் கடை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். அந்தக் கை இன்னொரு முறை தோளில் படாதா என்று ஏக்கமாக இருக்கிறது. ஆனால் கிழவிகளின் தோள் அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும் என்று, என் பேச்சை நம்பித்தானே அவள் பரீட்சைக்குப் போயிருப்பாள்?