பழனிமுத்துவின் கன்னடம்

பழனிமுத்துவுக்குத் தெரிந்த கன்னடம் முழுவதும் இன்ஜினீயர்களிடம் பேசிக் கற்றது. தமிழே புழங்கும் கௌதள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்குக் கொத்து வேலைக்கு வந்த மனிதர். மரியாதை இல்லாத கன்னடம் அவர் வாயில் நுழையாது. கட்டின பெண்டாட்டியைக்கூடக் கன்னடத்தில் 'நீங்கள்' என்றுதான் சொல்வார். மைசூரிலேயே பிறந்த சொர்ணலதா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பேஸ்பால் ஆடுகிறவள். கல்யாணத்துக்கப்புறம் என்ன ஆட்டம் என்று தெருவே முணுமுணுத்தபோது, அவர் பழைய சிமெண்ட் சாக்குகளைத் தைத்து, சாரக் கம்பில் கட்டி, மைதானத்து ஓரத்தில் நிறுத்தினார். வேலை விட்டு வந்ததும் அவளுக்குப் பக்கவாட்டில் முழங்காலிட்டு, இடுப்புயரத்துக்குப் பந்தை மெல்லத் தூக்கிப் போடுவார். அவள் சாக்கைப் பார்த்து விளாசுவாள். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. பந்து கோணலாகப் போனால் மட்டும் "பிடி" என்பார். கன்னடத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், பாதி வீச்சிலும் அவள் கை நின்றுவிடும்.

தொண்ணூற்றாறில் ஒரு நாள் சாரம் சரிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் உதடு அசைந்தது. "பிடி" என்று கேட்டது. வலிக்கிறது போலிருக்கிறது என்று பதறிக் கையை எடுத்துவிட்டாள். நர்ஸ் வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

காரியம் முடிந்த அன்று அவருடைய அக்கா சாமியாத்தாள், தம்பி கடைசியாக ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். விடச் சொன்னார் என்றாள் சொர்ணலதா. அந்தச் சொல்லையும் சொன்னாள்.

சாமியாத்தாள் இல்லையென்று தலையாட்டினாள். "உசுரு போற நேரத்துல அவனுக்கு எதுக்குக் கண்ணு கன்னடம்? 'புடி'ன்னிருப்பான். சின்னதுல காச்ச வந்தாலும் அப்படித்தான். யாராச்சும் கையப் புடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவான்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, பாவம். அறைந்திருந்தால்கூட சொர்ணலதா தாங்கியிருப்பாள்.

சில மாதங்கள் கழித்து, அணியில் கூட ஆடும் சுசித்ரா அவளை வலுக்கட்டாயமாக இழுத்துப்போய்ச் சாக்கின் முன் நிறுத்தினாள். தானே மண்டியிட்டுப் பந்தைத் தூக்கிப் போட்டாள். ஒன்று கோணலாக எழும்பியது. கன்னடத்துப் பெண், அவள் வாயில் வேறென்ன வரும்?

"பிடி, அக்கா."

சொர்ணலதா மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்தாள். என்னவோ ஏதோவென்று எழுந்துவந்த சுசித்ரா அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவள் விடவில்லை.