தோள் வலிக்கணும்

வலி தாங்குறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தன்னைத்தானே மெச்சிக்கிறா பாருன்னு நெனச்சா நெனச்சுக்குங்க. பட்டு சம்பாதிச்ச பெருமை, அதை ஏன் மூடி வைக்கணும்?

எழுபதுகளோட கடைசி அது. அரியலூர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துல நான் ரெண்டாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில ஃபிட்டர். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு, பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைங்க மூக்கைத் தொடைச்சு விட்டுட்டு வருவேன். வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தா வச்ச பொருள் வச்ச இடத்துல அப்படியே இருக்கும். அந்தச் சுத்தம் எனக்கு எரிச்சலா வரும்.

பெரம்பலூர்ல ஒரு லேடி டாக்டர் இருந்தாங்க. பிள்ளை இல்லாதவங்களுக்கு நல்லா பாக்குறாங்கன்னு கேள்விப்பட்டு ரெண்டு பேரும் போனோம். இவர்தான் முதல்ல டெஸ்ட் எடுத்துக்கிட்டார். அந்தக் காலத்துல ஒரு ஆம்பளை அதுக்கு ஒத்துக்கிட்டார்னா சும்மா இல்லை. கூட வேலை பாக்குறவங்க யாராவது கேள்விப்பட்டிருந்தா கேலி பண்ணியே கொன்னிருப்பாங்க. அவர்கிட்ட ஒரு குறையும் இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சு. அடுத்து என் முறை.

டாக்டர் ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டினாங்க. "கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் குழாய் இருக்கு, டீச்சர். அது தொறந்திருந்தாத்தான் பிள்ளை தங்கும். கீழேர்ந்து காத்து அடிச்சுப் பாப்போம். காத்து குழாய் வழியா வயித்துக்குள்ள போயிடுச்சுன்னா, நீங்க எந்திரிச்சு உக்காந்ததும் அது மேல ஏறித் தோள்பட்டையில வலிக்கும். வலிச்சா நல்லது. வலிக்கலைன்னா அடைப்பு."

"மயக்க மருந்து உண்டுங்களா?"

"இல்ல. வலிக்குதா இல்லையான்னு நீங்கதானே சொல்லணும்? அடுத்த மாசம் பத்தாம் நாள் வந்துருங்க."

இந்தச் சங்கதியை ஊர்ல யாருக்கும் சொல்லலை. பெரம்பலூர் பக்கத்துல சிறுவாச்சூர் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு பஸ் ஏறினோம். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் தொறந்திருக்கும். நாங்க கெளம்பினது ஒரு புதன்கிழமை. எதிர்வீட்டு அம்மா கையில இருந்த முறத்தைக் கீழ வச்சுட்டு, "புதன்கிழமையில எந்தச் சாமி உனக்குக் கதவைத் தொறக்குது?"ன்னு கேட்டாங்களே பாக்கணும். இவர்தான், "வெளியில நின்னு கும்பிட்டுட்டு வர்றதா வேண்டுதலுங்க"ன்னு சமாளிச்சார். பஸ்ஸுல உக்காந்ததும் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அங்க போய்ச் சிரிப்பு அடங்கிடுச்சு. காலைத் தூக்கி ரெண்டு கம்பியில மாட்டி வாரால கட்டிட்டாங்க. சில்லுனு இரும்பு உள்ள போச்சு. அப்புறம் ஏதோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒரு இழுப்பு. அடிவயித்துலேர்ந்து உச்சந்தலை வரைக்கும் சுரீர்னு ஏறுச்சு. நர்ஸ் என் காதுகிட்ட வந்து, "கத்திடாதீங்க டீச்சர், வெளிய பெஞ்சுல அஞ்சாறு பேர் உக்காந்திருக்காங்க. பயந்து எந்திரிச்சு ஓடிருவாங்க"ன்னுச்சு.

கத்தக்கூடாதுன்னா நான் என்ன பண்ணுவேன்? திட்டுவேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு மனசுக்குள்ளயே ஒவ்வொருத்தரா இழுத்து நிறுத்தினேன். வளைகாப்புல எல்லாருக்கும் வளையல் போட்டுட்டு என் கிட்ட வந்ததும் தட்டை மறைச்சுக்கிட்டு நகர்ந்தாளே ஒருத்தி, அவளை முதல்ல பிடிச்சேன். நாசமாப் போறவளே, உன் வளையல் இல்லாம என் கை என்ன அழுகியா போச்சு? அடுத்தது, "என்ன டீச்சர், விசேஷம் ஒண்ணும் இல்லையா?"ன்னு மாசம் தவறாம கேக்குற தபால்காரர். ஏன்யா, உன் பையிலயா என் பிள்ளை வருது, இவ்வளவு அக்கறையா விசாரிக்கிறே? அப்புறம் இவருக்கு ரெண்டாந்தாரம் பாக்கலாம்னு காதைக் கடிச்ச பெரியப்பா. கட்டையில போறவரே, முதல்ல உங்க மூணாவது மகனுக்கு ஒரு பொண்ணு பாருங்க! ஒருத்தரைத் திட்டி முடிக்கிற நேரத்துக்கு ஒரு வலி தாண்டும். அடுத்த வலிக்கு அடுத்த ஆள். வாயைத் தொறக்கலை நான். கண்ணுல தண்ணி வந்துச்சு, அதை நான் கணக்குல சேத்துக்க மாட்டேன்.

"எந்திரிச்சு உக்காருங்க"ன்னாங்க. உக்காந்தேன்.

"தோள் வலிக்குதா?"

வயிறு வலிச்சுது, இடுப்பு வலிச்சுது, தொடை நடுங்குச்சு. தோள் மட்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. நானே கையை விட்டு அமுக்கிப் பார்த்தேன். வலியே, உன்னைத் தேடி நான் வந்திருக்கேன், நீ எங்க போய்த் தொலைஞ்சேன்னு இருந்துச்சு. இல்லைன்னு தலையை ஆட்டினேன்.

பயத்துல தசை இறுகிப்போனாலும் இப்படிக் காட்டும்னு சொல்லி ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் வரச் சொன்னாங்க. மறுபடியும் பத்தாம் நாள், மறுபடியும் அந்த மேஜை. இந்தத் தடவை திட்டுறதுக்கு ஆளே தீந்துபோச்சு. செத்துப்போனவங்களைக்கூட எழுப்பித் திட்டினேன். எந்திரிச்சு உக்காந்தா அப்பவும் தோள் வலிக்கலை. டாக்டர் கையுறையைக் கழட்டிக்கிட்டே என் முகத்தைப் பாக்காம பேசினாங்க. "அடைப்பு மாதிரிதான் தெரியுது, டீச்சர். இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடுவோம். அதுலயும் இப்படித்தான்னா, என் கையில ஒண்ணும் இல்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸுல நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டே அரியலூர் வரைக்கும் வந்தார். பேசியிருந்தா அவரையும் திட்டியிருப்பேன்.

மூணாவது தடவை போனப்ப பெஞ்சு நெறைய ஆள். ரெண்டு தடவையும் பாத்துப் பழகின முகங்கதான். உடையார்பாளையம் பக்கத்துலேர்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு பொண்ணு. லெப்பைக்குடிக்காட்டுலேர்ந்து ஒரு பொண்ணு, அது வீட்டுக்காரருக்குத் துபாய்ல வேலை, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவுல வருவார், அப்ப வந்திருந்தார். "மச்சான் இன்னும் இருபது நாள்ல பிளேன் ஏறிடுவாரு அக்கா"ன்னு முந்தானையைத் திருகிக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு ஒரு புது நர்ஸ். சீட்டு எழுதுறப்ப, "தீட்டு ஆரம்பிச்சது என்னைக்கு?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். செவுத்துக் காலண்டரைப் பாத்து விரல் விட்டு எண்ணுச்சு. "இன்னைக்குப் பதினாலாம் நாளாச்சே, டீச்சர். டாக்டர் பத்துலதானே வரச் சொன்னாங்க?"

"நல்லா எண்ணும்மா. பத்துதான்."

"பதினாலு."

"நான் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறவ. பத்து!"

ரெண்டு பேர் சத்தமும் ஏறிப்போய் டாக்டரே வெளியில வந்துட்டாங்க. "எதுலேர்ந்து எண்ணினீங்க?"ன்னு கேட்டாங்க.

"தலைக்கு ஊத்திக்கிட்ட நாள்லேர்ந்துதான். வேற எதுலேர்ந்து எண்ணுவாங்க?"

எங்க வீட்டுல அஞ்சாம் நாள்தான் தலைக்கு ஊத்திக்குவோம். அதுவரைக்கும் உள்ள நாளெல்லாம் தள்ளி வச்ச நாள், எந்தச் சேர்த்தியிலயும் வராது. தலைக்கு ஊத்தி வீட்டுக்குள்ள வந்தாத்தான் ஒண்ணு. எங்கம்மா அப்படித்தான் எண்ணினாங்க, நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒருத்தி உண்டாகியிருக்கான்னா 'முழுகாம இருக்கா'ன்னுதானே ஊரே சொல்லுது?

டாக்டருக்கு முகம் செவந்துபோச்சு. "ரத்தம் பட்ட நாள்தான் முதல் நாள்! படிச்சவங்க நீங்க, ஒரு டீச்சர், எண்ணத் தெரியலையா?"

அவ்வளவுதான், எனக்குச் சுள்ளுனு வந்துடுச்சு. ரெண்டு தடவை கத்தாம படுத்திருந்த வாய் அன்னைக்குத் தொறந்துச்சு. "எனக்கு எண்ணத் தெரியும், டாக்டர். எதுலேர்ந்துன்னு நீங்க சொல்லலை. பத்தாம் நாள்னு மட்டும்தான் சொன்னீங்க. என்னை விடுங்க, இதோ பெஞ்சுல இருக்காங்களே, இவங்களைக் கேளுங்க!"

டாக்டர் அவங்க பக்கம் திரும்பினாங்க. "நான் குடுத்த மாத்திரையை நீ எப்பலேர்ந்து சாப்பிடுறே?"

"அஞ்சாம் நாள்லேர்ந்துங்க," முந்திரிக்கொட்டைப் பொண்ணு பயந்துக்கிட்டே எந்திரிச்சு நின்னுச்சு. "தலை முழுகி வூட்டுக்குள்ள வந்து அஞ்சாம் நாளுங்க."

"நீ?"

"நாங்களும் குளிச்சு சுத்தமான நாள்லேர்ந்துதான் எண்ணுவோம், டாக்டரம்மா," துபாய்க்காரர் சம்சாரம் சொல்லுச்சு. சொல்லிட்டு அழுதுடுச்சு. புருஷன் கூட இருக்கணும்னு டாக்டர் சொன்ன நாளெல்லாம் மாசாமாசம் தப்பிப் போயிருக்குன்னு அதுக்கு அப்பதான் உறைச்சுது.

பெஞ்சுல ஆறு பேர். ஆறு பேரும் அதையேதான் சொன்னோம். டாக்டர் அந்தப் பெஞ்சு ஓரத்துலயே உக்காந்துட்டாங்க. அப்புறம் என் கையைத் தொட்டு, "மன்னிச்சுக்குங்க, டீச்சர். நான் டவுன்ல பொறந்து வளந்தவ, கேக்கணும்னு தோணலை"ன்னாங்க. பத்தாம் நாளைத் தாண்டிட்டா உள்ள சதை தடிச்சுக் குழாய் வாயை மறைச்சுக்கும், அடைப்பே இல்லைன்னாலும் அடைப்பு மாதிரி காட்டும்னு விளக்கினாங்க. எத்தனை பெரிய படிப்புப் படிச்சவங்க, எத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டாங்க! அவங்களையும் மெச்சணும். ஆனா கண்டுபிடிச்சது நானும் என் வாயும்தான், அதை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அன்னைக்கு எனக்கு டெஸ்ட் பண்ணலை. அடுத்த மாசம் ரத்தம் பட்ட நாள்லேர்ந்து எண்ணி, சரியா பத்தாம் நாள் போனேன். அதே மேஜை, அதே கம்பி. அதுக்கு முன்னாடி பட்டதெல்லாம் எவனோ எழுதி வச்ச தப்பான விடைன்னு தோணுச்சு, இன்னைக்குத்தான் பரீட்சை. அந்த இழுப்பு வந்தப்ப யாரையும் திட்டலை. திட்டுறதுக்கு மனசு அங்க இல்லை. போ, போ, உள்ள போன்னு அந்தக் காத்தையே கெஞ்சிக்கிட்டுக் கிடந்தேன்.

"எந்திரிச்சு உக்காருங்க, டீச்சர்."

உக்காந்தேன். ஒண்ணும் இல்லை. டாக்டர் காத்திருந்தாங்க. நர்ஸ் காத்திருந்துச்சு. போச்சுடா, எல்லாம் போச்சுன்னு தலையைக் குனிஞ்சேன். அப்பப் பாருங்க, வலது தோள்ல யாரோ விரலை வச்சுக் குடைஞ்ச மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சுது. அப்படியே கழுத்து வரைக்கும் ஏறுச்சு. கொஞ்ச நேரத்துல இடது பக்கமும் பிடிச்சுக்கிச்சு.

"ஐயோ! வலிக்குது டாக்டர்! வலிக்குது, வலிக்குது!"

அந்தக் கட்டடமே அதிர்ற மாதிரி கத்தினேன். நர்ஸ் என் வாயைப் பொத்தவும் இல்லை. வெளியில பெஞ்சுல யாரோ புதுசா வந்த பொண்ணு பையைத் தூக்கிக்கிட்டு வாசப்படி இறங்கிடுச்சாம். நர்ஸ் பின்னாடியே ஓடி, "அது சந்தோஷத்துல கத்துறாங்க, வாம்மா"ன்னு பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துச்சு.

ஒன்றரை வருஷம் கழிச்சு எனக்கு மக பொறந்தா. பிரசவ வலி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, உண்மையாவே ஞாபகம் இல்லை. அந்தத் தோள் வலி மட்டும் எங்க ஆரம்பிச்சு எப்படி ஏறுச்சுன்னு இன்னைக்கும் விரலை வச்சுக் காட்டுவேன்.

தோள் வலிச்ச அன்னைக்கு வாசல்ல வேப்ப மரத்தடியில இவர் நின்னுக்கிட்டிருந்தார். நான் தோளைப் பிடிச்சுக்கிட்டே வர்றதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கிட்ட போய், "ரெண்டு பக்கமும் வலிக்குதுங்க"ன்னேன். மரத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். முதுகு குலுங்குச்சு.

பஸ்ஸு ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கிப் போட்டுச்சு. வலியில உயிர் போச்சு. நர்ஸ் பொட்டலம் கட்டிக் குடுத்த மாத்திரையை இவர் பிரிச்சு என் கையில வச்சார். "போட்டுக்கயேன், ஏன் கஷ்டப்படுறே? அமுக்கியாவது விடட்டுமா?"

"கையை எடுங்க"ன்னேன். "அரியலூர் வர்ற வரைக்கும் வலிக்கட்டும்."