மெஹர் அக்கா சரிசெய்யாமல் விட்ட கம்ப்யூட்டர்

மெஹர் அக்காவின் தங்கை போன் செய்தபோது நான் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். "அக்கா மௌத்தாயிட்டாங்க. விடிகாலையில சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க, உசுரு இல்ல" என்றாள். கீழே என் கணவர் மணியை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு மேலே போகவும் தோன்றவில்லை, கீழே இறங்கவும் தோன்றவில்லை. அந்த மணியை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

நம் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மெஹருன்னிஸா அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கிருந்த பதினொரு கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அவர் பொறுப்பு. ஒருவர் கணினியில் இருக்கும் கோப்பு இன்னொருவர் கணினியில் திறக்கவில்லை என்றால் வேலை நின்றுவிடும், அக்காவைக் கூப்பிடுவோம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்பார். மௌஸைத் தொடமாட்டார். "கடைசியா எப்ப வேலை செஞ்சுச்சு? அதுக்கப்புறம் யாரு என்ன பண்ணீங்க?" என்று கேட்பார். "ஒண்ணுமே பண்ணலக்கா" என்போம், எல்லாரும் ஒரே குரலில். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இங்க யாருக்கோ நல்லாத் தெரியுது" என்பார். கொஞ்ச நேரத்தில் குற்றவாளி தானாகவே தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்துவிடுவார். அதன் பிறகுதான் நீல அட்டை நோட்டை எடுத்து, கோளாறையும் செய்த வைத்தியத்தையும் எழுதிக்கொள்வார்.

அவரை நீங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த கேலியும் நினைவிருக்கும். "ஊர் மெஷினையெல்லாம் அடக்கினீங்க, ஸ்ரீரங்கத்துல வத்சலா வீட்டு மெஷின் மட்டும் உங்களுக்கு அடங்கலையே அக்கா!" அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுகூட, என் வீட்டுக் கணினியை வைத்து, இதைச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். என்னைவிடக் கேவலமாக அன்று யாரும் சிரித்திருக்க முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. நான் அச்சகத்துக்குப் போவதை நிறுத்தி, புத்தகப் பக்கங்களை வீட்டிலேயே வடிவமைக்கத் தொடங்கினேன். என் பெரிய கணினி மாடியில் இருந்தது. இருபது வருடத்துக் கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாம் அதில்தான். அவருடைய கட்டிலோ கீழ் அறையில். அவர் பக்கத்தில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கோப்பு வேண்டும்போதெல்லாம் பென் டிரைவோடு பதினாறு படி ஏறி இறங்குவேன். நான் மறைந்ததும் அவர் டம்ளரில் கரண்டியால் தட்டத் தொடங்குவார். ஒருநாள் நான் மேலே இருந்தபோது தட்டிப் பார்த்துவிட்டு, தானே எழுந்து குளியலறைக்குப் போக முயன்று விழுந்தார். புருவத்தில் மூன்று தையல். அதற்குப் பிறகு, "மேல... போகாத" என்பதுதான் அவர் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம்.

அதனால்தான் அக்காவை வரச் சொன்னேன். கீழே இருந்தபடியே மாடிக் கணினியின் கோப்புகள் திறக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தன, ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியவில்லை. அக்கா பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். லேப்டாப்பில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்ததைக் காட்டினார். "இது வீட்டுல இருக்கிறதா நினைக்கல வத்சலா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறதா நினைச்சுக்கிட்டு முகத்தை மறைச்சுக்கிட்டிருக்கு" என்றார். அதை ‘பிரைவேட்’ ஆக்க வைத்தார், என் கையாலேயே. மாடிக் கணினியின் பெயர் திரையில் வந்தது. அதை அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்டது. அங்கே பாஸ்வேர்டே கிடையாது. வெறுமனே என்டர் தட்டினால் ஏற்கவில்லை. அன்று அக்காவுக்குத் தங்கை வீட்டு விசேஷம், பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை வந்தபோது தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். யோசித்துப் பார்த்துச் சொன்னேன். ஓடி ஓடி ஏறும்போது நேரம் மிச்சமாகட்டும் என்று மாடிக் கணினியின் பாஸ்வேர்டை நான்தான் எடுத்துவிட்டிருந்தேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "பூட்டு இல்லாத வீட்டுக்குள்ள வெளி ஆளை விடக் கூடாதுன்னு இதுக்குச் சட்டம். ஒரு பூட்டைப் போடு, உடனே கதவைத் திறக்கும் பாரு." போட்டேன். திறந்தது. மாடிக் கணினி இடையில் தூங்கிப்போனால் தொடர்பு அறுந்துவிடும் என்று, அது எப்போதும் தூங்காதபடி எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பதையும் காட்டிக் கொடுத்து, மாற்ற வைத்தார். என் கணவர் இடது கையைத் தூக்கி அவருக்கு வணக்கம் வைத்தார். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

மறுநாளிலிருந்துதான் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

அந்தக் கீழ் அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் ஒரு முழத் தொலைவில் பக்கத்து வீட்டுச் சுவர். மருந்து வாசனை, மின்விசிறிச் சத்தம், என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அவர் கண்கள். நான் கொட்டாவி விட்டால் "தூக்கமா?" என்பார். பேசாமலிருந்தால் "கோவமா?" என்பார். பாவம், அவருக்குப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் பன்னிரண்டு நாள் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததெல்லாம் சமையலறைக்கும் குளியலறைக்கும்தான். மாடி அறையில் ஒரு ஜன்னல் உண்டு. கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வரும், அடுத்த மாடியில் யாரோ வடாம் பிழிந்துகொண்டிருப்பார்கள். பென் டிரைவோடு ஓடிய காலத்தில் கோப்பு நகலாகும் அந்த ஐந்து நிமிடம் நான் அங்கேதான் நிற்பேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் உயிரோடு இருந்திருக்கிறேன் என்பது அது பறிபோன பிறகே எனக்கு உறைத்தது. அக்கா மேல் கோபம்கூட வந்தது. நானே கூப்பிட்டு, நானே நன்றி சொல்லி, நானே கோபப்பட்டேன்.

"கொஞ்ச நேரம் மேல போயிட்டு வரேன்" என்று அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். புருவத்தில் தையல் போட்ட மனிதரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பதின்மூன்றாம் நாள் பிசியோதெரபி செய்பவர் வந்தார். அந்த இடைவெளியில் மாடிக்குப் போனேன். அக்கா காட்டிக் கொடுத்த அதே இடத்தைத் திறந்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் கணினி தூங்கிவிட வேண்டும் என்று மாற்றிவிட்டு வந்தேன். அன்று மத்தியானமே தொடர்பு அறுந்தது. "ஐயோ, மறுபடியும் போச்சே" என்று ஒரு பெருமூச்சு விட்டு மாடி ஏறினேன். நான் இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் கணவர் சும்மா இருப்பாரா? இடது கையால் எண்ணைத் தேடி, அவரே அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

அக்கா மூன்றாம் முறை வந்தார். மாடிக்கு நானும் போனேன். கணினியை எழுப்பி, அந்த இடத்தைத் திறந்து, ‘ஐந்து நிமிடம்’ என்று இருப்பதைப் பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். நாற்காலி கணினிக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது, ஜன்னல் விளிம்பில் என் காபி டம்ளர். ‘யாரு என்ன பண்ணீங்க?’ என்று இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "நல்ல காத்து வருது இங்க" என்றார். நோட்டில் ஏதோ எழுதி மூடினார்.

கீழே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "சார், மெஷின் பழசு. அப்பப்பத் தூங்கத்தான் செய்யும். ஒரு மணிக்கு ஒருக்கா யாராச்சும் மேல போய் எழுப்பி விடணும். நானும் பார்த்துட்டேன், இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது."

"விழுந்துட்டா?" என்றார் இவர். அந்த ஒரு சொல்லில் அவருடைய பயம் முழுதும் இருந்தது.

"அதுக்கு நான் வழி பண்றேன்" என்றார் அக்கா. இரண்டு நாள் கழித்து, ஒயர் இல்லாத அழைப்பு மணி ஒன்றோடு வந்தார். பொத்தானைக் கட்டிலில் இவருடைய இடது கைக்கு எட்டும்படி ஒட்டினார். மணியை மாடி ஜன்னலருகே மாட்டினார். இவரைப் பத்துத் தடவை அழுத்த வைத்து, ஒவ்வொரு தடவையும் என்னை மேலேயிருந்து "வரேன்" என்று குரல் கொடுக்க வைத்தார். இவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு விழவில்லை.

அக்காவை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீங்கள் கேலி செய்தபோதெல்லாம் அவர், "ஆமா, அது கொஞ்சம் பிடிவாதம் பிடிச்ச மெஷின்" என்று சிரித்துக்கொண்டே போனார். தன் வேலையில் ஒரு புள்ளிகூடத் தவறு இருக்கக் கூடாது என்பவர், எனக்காகத் தோற்றவர் என்ற பெயரைச் சுமந்தார். ஒரு தடவை வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

துக்கம் கேட்கப் பாலக்கரைக்குப் போனேன். யார் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று பார்ப்பதற்காக அவருடைய தங்கை அந்த நீல நோட்டை என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு ஒரு பக்கம், மேலே போன் எண். என் பக்கமும் இருந்தது. முதல் வரி: ‘நெட்வொர்க் பப்ளிக்கில் இருந்தது. மாற்றியாயிற்று.’ இரண்டாவது: ‘பாஸ்வேர்டு இல்லை. போட்டாயிற்று. தூங்காதபடி வைத்தாயிற்று.’ மூன்றாவது: ‘ஐந்து நிமிடம். வத்சலாவுக்கு வேண்டியிருக்கிறது. அப்படியே விட்டாயிற்று.’

அத்தனை பெண்கள் நடுவில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவருடைய தங்கை என்னைத் தேற்றினாள்.

ஆகவே, நண்பர்களே, ஸ்ரீரங்கத்துக் கம்ப்யூட்டர் அக்காவிடம் அடங்காத கம்ப்யூட்டர் இல்லை. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. பதினாறு படிகளையும், ஒரு ஜன்னலையும், ஒரு மணியையும் எனக்காக விட்டுப் போயிருக்கிறார். என்னிடம் இருப்பது அதுதான்.

இதை உங்களுக்கு அனுப்பும் முன் என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றியும் எழுதியிருக்கிறேனே, அவருக்குத் தெரியாமல் இன்னொன்று செய்ய எனக்கு மனமில்லை. முழுதும் கேட்டார். நான் தாளை மடித்து, எது வந்தாலும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"மெஷின்... தூங்கியிருக்கும்" என்றார். "மேல போய்... எழுப்பிட்டு வா."