மூன்று நிமிடம் கூட்டிய ஹனிபா

ஹனிபா மௌத்தாகிவிட்டான்.

காலையில் கல்முனையிலிருந்து அவனுடைய மருமகன் கோல் எடுத்துச் சொன்னார். அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கமாம். நான் லண்டனில், மகள் வீட்டில்... கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நானும் அவனும் ஒரு அரிசி ஆலை ஒபிஸில் ஒன்றாக வேலை செய்தோம். முதலாளி ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் தவிர அதைத் தொட எல்லோருக்கும் பயம்.

அதில் நான் பாஸ்கல் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களுக்கு நோன்பு நேர அட்டவணை போட்டுக் கொடுக்கும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புரோகிராம்!

ஹனிபாவுக்குப் புதுசு என்றால் போதும். கொழும்பு போனவன், கம்ப்யூட்டரை ஓட்டும் டொஸ்ஸில் புதுசு ஒன்று கொண்டுவந்தான், சாரத்துக்குள் சுற்றி, குழந்தைப்பிள்ளையைப் போல. பழைய டொஸ் இருந்த பிளொப்பியிலேயே அதைப் பதிந்தும் விட்டான். பழையது போயே போச்சு.

நான் அப்போது வரிப்பத்தான்சேனை வயலில், வெள்ளாமை வெட்டில்.

மாதத்தின் முதல் நோன்பான தலைநோன்புக்கு நாலு நாள்தான். அவன் வருசத்தை மாற்றி, என் புரோகிராமை ஓடவைக்கக் கம்பைல் பண்ணப் பார்த்திருக்கிறான். மெமரி போதாது என்று மெஷின் நின்றுவிட்டது. புது டொஸ் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது!

அவன் என்ன செய்தான் தெரியுமா... புரோகிராமுக்கு இடையிடையே நான் எழுதி வைத்திருந்த விளக்கக் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டான். ஒன்றுவிடாமல். பாரம் குறைந்ததும் கம்பைல் ஆகிவிட்டது. மூளைக்காரன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அழிந்த குறிப்புகளில் ஒன்று: "நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேணுதல் மூன்று நிமிடம் கூட்டியாயிற்று. இனிக் கூட்ட வேண்டாம்."

எங்கள் ஊரில் அட்டவணை யார் கையில் கிடைத்தாலும் பேணுதலுக்கு, சூரியன் மறைந்தது நிச்சயமாகட்டும் என்று, மூன்று நிமிடம் கூட்டாமல் விடமாட்டார்கள். ஹனிபாவும் பயபக்தியோடு கூட்டினான்... ரோனியோவில் பிரதிகள் அடித்துப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுத்தும் விட்டான்.

தலைநோன்பன்று பின்நேரம் நான் வந்து பார்த்தால் அட்டவணையில் ஆறு பதினெட்டு. வரவேண்டியது ஆறு பதினைந்து. நேரம் வந்த பிறகு நோன்பு திறப்பதைப் பிந்தப் போடக்கூடாது.

"என்னடாப்பா செஞ்சி வெச்சிரிக்காய்? ஊரே பிந்தித் திறக்கப் போகுது!"

"எழும்பு மச்சான், சைக்கிள எடு" என்றான்.

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை ஒரே சைக்கிளில். நோன்போடு அவன் மிதிக்க, பின்னால் சிவப்புப் பேனையோடு நான். ஒவ்வொரு பள்ளியிலும் வெட்டித் திருத்தினோம். நான் மிதிக்கலாம் என்று கேட்டதற்கு, "பிழை உட்டவன் நான், நீ பேசாம இரி" என்றான்.

கடைசிப் பள்ளியில் எல்லோரும் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பாங்கு சொல்லும் மோதினார், பேப்பரில் பேனையை வைக்கவே விடவில்லை.

"அடிச்ச பேப்பர்ல ஆறு பதினெட்டு. ஒங்கட வாய்ப் பேச்சுக்கு நான் பாங்கு சொல்லேலா."

ஆறு பதினைந்து. ஹனிபா நடுவில் போய் நின்று, ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் போட்டான்.

"பிழையெண்டா பாவம் எனக்கு. நீங்க திறங்க!"

ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கஞ்சியை எடுத்தார். பிறகென்ன, எல்லோரும் எடுத்தார்கள். மோதினார் முறைத்துக்கொண்டே பாங்கு சொல்லப் போனார்.

திரும்பி வரும்போது கேட்டான்: "மச்சான், ஒண்ட கணக்கு சரிதானே? எண்ட நோன்பு முறியல்லயே?"

நான் விடுவேனா? என் குறிப்புகளை அழித்த கோபம் வேறு. "எதுக்கும் ஒரு நோன்பு களாப் புடிச்சிரு" என்றேன். முறிந்த நோன்புக்குப் பதிலாகப் பிறகு பிடிப்பதுதான் களா; நான் சொன்னது பகிடிக்குத்தான்.

இன்று அவன் மருமகன் சொல்கிறார்: "மாமா ஒவ்வொரு வருசமும் பெருநாளைக்குப் பிறகு ஒரு நோன்பு களாப் புடிப்பாரு. ஏனெண்டு கேட்டா சிரிப்பாரு."

அட, விசரா... ஒரு தரம் என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?

இப்போதுதான் மகளின் லெப்டொப்பில் அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தேன். கல்முனையில் சூரியன் மறைந்தது ஆறு பன்னிரண்டுக்கு.

முறியல்ல மச்சான். போயிட்டு வா.