செக்யூரிட்டி என்றொரு ஏஞ்சல் மீன்

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மூன்று ஏஞ்சல் மீன்கள் இருந்தன. பெயரில் மட்டும்தான் தேவதை. நாலு மாதம், பட்டத்தின் சாயலில் மெல்லச் சாய்ந்தும் நிமிர்ந்தும், கறுப்பு மோலி மீன்களுக்கு வழிவிட்டு நீந்திய நல்ல பிள்ளைகள். ஐந்தாம் மாதம் உள்ளங்கை அளவு வளர்ந்ததும் பெரியதற்கு என்ன வந்ததோ! மூலையில் நின்ற பிளாஸ்டிக் குழாயைத் தனதென்று எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தலைகாட்டியவர்களை எல்லாம் விரட்ட ஆரம்பித்தது. ஓசூரில் அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி வாசலில், தெரிந்த முகத்திடமும் அடையாள அட்டை கேட்டு நிறுத்துகிற காவலாளி ஒருவர் இருந்தார். அதே நிற்பு, அதே முறைப்பு. செக்யூரிட்டி என்று பெயர் வைத்தேன். ஒன்பது வயதில் எனக்கென்று சொந்தமாக இருந்த ஒரே முரடன் அவன்தான்.

நடுவிலானதை அவன் ஒன்றும் செய்ய மாட்டான். அதுவும் அவனோடு சேர்ந்து விரட்டும். அகப்பட்டது சின்னது. அதன் துடுப்பு, நனைந்த காகிதம்போல் ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியது.

அப்பா ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஒரே மெஷினருகே ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிற்பதால்தான் உலகத்தில் சண்டை வருகிறது என்பது அவருடைய முடிவு. தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஏ ஷிஃப்டில் சின்னது தொட்டியில், செக்யூரிட்டி பக்கெட்டில். மதியம் இரண்டு மணிக்கு பி ஷிஃப்ட், ஆள் மாற்றம். பள்ளி விடுமுறையில் இருந்த நான் வலையும் கையுமாக ஷிஃப்ட் மாற்றினேன்.

இரண்டு மணி வந்தால் போதும். வலையிலிருந்து இறங்கியதும் செக்யூரிட்டி குழாயைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, தான் இல்லாத நேரத்தில் யார் யார் வந்து போனார்கள் என்று ஒவ்வொரு மோலியிடமும் விசாரித்தான். விசாரணை எல்லாம் வாயால்தான், அதாவது கடித்து. மூன்றாம் நாள் பக்கெட்டிலிருந்து குதித்து, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தான்.

அம்மா அவனை முறத்தில் ஏந்தி வந்து தொட்டியில் போட்டாள். "உங்க ஃபேக்டரில என்னா நடக்குதுன்னு இப்பதாங்க எனக்குப் புரியுது" என்றாள். அப்பா நாட்காட்டித் தாளைச் சத்தமில்லாமல் கிழித்தார்.

பாகலூர் ரோட்டில் மீன் விற்ற கடைக்காரரிடம் போனோம். "ஒந்து கெலச மாடி சார்" என்று, ஒரு காரியம் செய்யுங்கள் என்பதைக் கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு இறங்கினார். "கல்லு, செடி எல்லாம் எடம் மாத்தி வைங்க. அவன் ஏரியா எதுன்னு அவனுக்கே தெரியாமப் பூடும்." மாற்றினோம். ஒரு மத்தியானம் முழுக்க, ஊர் மாறி வந்தவனைப்போல் செக்யூரிட்டி விழித்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் குழாயைக் கண்டுபிடித்துவிட்டான். குழாயை மட்டும் நாங்கள் நகர்த்தியிருக்கவில்லை.

அப்பாவின் பொறுமை அதோடு தீர்ந்தது. என் சிலேட்டை வாங்கி, ஃபேக்டரி வழக்கப்படி 'விபத்தில்லாத நாட்கள்: 0' என்று எழுதித் தொட்டியின் மேல் சாய்த்து வைத்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைமு. ஒரே ஒரு நாள் காட்டச் சொல்லு அவன, போதும். இல்லன்னா உங்க சித்தப்பா கூட உத்தனப்பள்ளிக்குப் போயிடுவான்."

சித்தப்பா அங்கே தக்காளி போட்டிருந்தார். ஞாயிறுதோறும் ஒரு கூடையோடு வருவார். அப்பா அப்போதே எதிர்வீட்டுப் போனில் அழைத்துக் கேட்டபோது உடனே சம்மதித்துவிட்டார்.

"உடுங்கண்ணா, தோட்டத்துத் தொட்டியில கொசுவத் தின்னுட்டுக் கெடக்கட்டும்."

நான் ரிசீவரைப் பிடுங்கி, "அங்க மீன்கொத்தி இருக்குமே சித்தப்பா?" என்றேன்.

"அதுவும் பொழைக்கணும்ல பாப்பா" என்றார்.

வியாழன் பூஜ்யம். வெள்ளி பூஜ்யம். செக்யூரிட்டியும் நடுவிலானதும் சேர்ந்து மொத்தக் கூட்டத்தையும் மேல் மூலையில் ஒரு கைக்குட்டை இடத்துக்குள் அடைத்து வைத்திருந்தன. மீன்கொத்தியின் அலகு எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்து பார்த்துப் பார்த்துப் பயந்தேன்.

சனிக்கிழமை காலை பார்த்தேன். அந்தக் குழாய் முழுக்க அழுக்கு. ரவையைத் தேனில் தோய்த்து வரிசை வரிசையாக ஒட்டிய மாதிரி, பொடிப்பொடியாக. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் சுத்தமாக இருந்தால் ஆள் ஒழுங்காக இருப்பான் என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வாரே! தன் இடம் இவ்வளவு அழுக்காகக் கிடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அம்மாவின் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் தேய்த்தேன். செக்யூரிட்டி என் விரலைக் கொத்தினான். நடுவிலானது மணிக்கட்டில் மோதிக்கொண்டே இருந்தது. "ஒனக்காகத்தாண்டா பண்றேன், நன்றி கெட்டவனே" என்று திட்டிக்கொண்டே, ஒரு பொடி விடாமல் தேய்த்து முடித்தேன்.

அன்று யாரும் யாரையும் விரட்டவில்லை. சின்னது தயங்கித் தயங்கித் தொட்டியின் நடுவுக்கு வந்தது. மோலிகள் பரவின.

ஞாயிறு காலை சிலேட்டில் அப்பா ஒன்று என்று எழுதினார். மூடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பாவோடு வந்த சித்தப்பா, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவாண்ணா ரவுடி? கோயில் மாடாட்டம் நிக்குதே" என்றார். ஷிஃப்ட் முறை கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று அப்பா அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டப்பா காலியாகவே உத்தனப்பள்ளிக்குத் திரும்பியது.

அம்மா மட்டும் தொட்டியோரம் கிடந்த தன் பழைய பிரஷ்ஷைப் பார்த்துவிட்டாள்.

"கொழாயத் தேச்சியா கண்ணு?"

"ஆமாம்மா. ஒரே அழுக்கு. ரவ மாதிரி."

"ரவ மாதிரியா" என்றாள் அம்மா. குனிந்து குழாயை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "செரி போ, கை கழுவிட்டு வா" என்றாள்.

அவை முட்டைகள் என்பதும், அவனும் நடுவிலானதும் ஜோடி என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. நான் தேய்த்த பிறகு வந்த வாரம் முழுக்க அவை இரண்டும் வெறுங்குழாயின் முன் அசையாமல் நின்று, முட்டைகள் இன்னும் இருப்பதுபோல், ஒன்று மாற்றி ஒன்று, துடுப்பால் அதை விசிறிக்கொண்டிருந்தன. நானோ தெருவில் ஒரு வீடு விடாமல் போய், என்னைப் பார்த்து எங்கள் மீன்களும் சுத்தம் கற்றுக்கொண்டுவிட்டன என்று சொல்லிவிட்டு வந்தேன்.