சிங்கப்பூர் டப்பாவும் என் மாத்திரையும்

இன்று காலை ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்!

(மூன்று வாரமாகவே படுகிறேன். இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.)

வெள்ளை டப்பா. வெள்ளைப் பொடி. பெயர் டாரின்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஊர் வந்தவரிடம் கொடுத்தனுப்பியது. அப்பாவின் பிரஷருக்கு நல்லதாம். வீடியோவில் பார்த்தானாம்.

அந்தப் பிரஷருக்கு மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருபவள் நான். அந்த மாத்திரைப் பட்டையை அப்பா யாரிடமும் காட்டியதில்லை.

டப்பாவை டீக்கடைக்கே தூக்கிப் போனார்!

“மவன் அனுப்புனது. தண்ணில கலந்து குடிச்சா நெஞ்சுக்கு நல்லதாம்.”

“எங்களுக்கும் ஒரு கரண்டி போடுறது, மாமா?”

“போடா, ஒன் மவன அனுப்பச் சொல்லு.”

நான் தஞ்சாவூரில் உயிர்வேதியியல் படித்தவள். வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன்.

டாரினை நம் உடம்பே கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. மீனிலும் நண்டிலும் நத்தையிலும் நிறைய இருக்கிறது. பிரஷரைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

(வாரம் இரண்டு நாள் நண்டுக் குழம்பு சாப்பிடும் மனிதருக்கு விமானத்தில் டாரின்!)

“அண்ணன் கையால ஒன்னு வந்தா ஒனக்குப் பொறுக்காதே,” என்றார் அப்பா.

சரியாகத்தான் சொன்னார்.

இன்று எங்கள் வயலை அளக்கிற நாள்.

தாத்தா கூலிக்கு நடவு நட்ட நிலம். அப்பா அதைக் குத்தகைக்கு உழுகிறார். நிலக்காரரின் பேரன் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கிறார். எல்லை எது என்று சர்வேயர் சொல்ல வேண்டும்.

அறுவடை முடிந்த வெற்று வயல். பத்து மணிக்கே வெயில் சுட்டது.

பேரன் அளவு நாடாவின் ஒரு முனையை வரப்புக்கு உள்ளே வைத்தார்.

“தம்பி, வரப்பு அங்க இருக்கு. நீங்க எங்க வைக்கிறீங்க?”

“பெரியவரே, அளந்து முடியட்டும். சும்மா கத்தாதீங்க.”

“எது சும்மா? எங்கப்பன் வெட்டுன வரப்புங்க இது!”

அவ்வளவுதான். அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு அதே வரப்பில் உட்கார்ந்தார்.

“ஆட்டோ வருது, எந்திரிங்கப்பா.”

“நான் போனா அளந்துடுவானுங்க பாப்பா.”

“நீங்க இல்லாம அளக்க மாட்டோம். இன்னொரு நாள் வரோம்,” என்று சர்வேயர் நாடாவைச் சுருட்டிய பிறகுதான் எழுந்தார்.

போகிற வழியில் வீட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். டப்பாவை எடுத்துக்கொள்ள. டாக்டரிடம் காட்டணுமாம்!

நர்ஸ் அக்கா பிரஷர் பார்த்தார். முகம் மாறியது.

“மாத்திரை போடுறீங்களா ஐயா?”

“போடுறேனே. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.”

“என்னது?”

“ரெண்டு பூச்சிமருந்த ஒரே டேங்க்ல கலந்து அடிப்பமா? பயிரு கருகிடாது? அதான் ஒரு வாரம் மவன் பொடி, ஒரு வாரம் பாப்பா மாத்திரை.”

நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போல, எங்கள் இருவருக்கும் முறை வைத்திருக்கிறார். இந்த வாரம் அண்ணன் முறை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பட்டையில் மாத்திரை மிச்சம் இருந்ததைப் போன வாரமே பார்த்தேன். கேட்கவில்லை. ரோஷம்.

படித்தவளுக்குத் தெரிந்திருந்தது. பொறாமைக்காரி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது ஐயா. இந்தப் பொடி இப்போதைக்கு வேணாம். பிரஷர் சரியானதும் வேணும்னா எங்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடுங்க.”

எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. (மன்னித்துவிடு அண்ணா.)

ஆனால் வீடு திரும்பும்போது வேறொன்று உறைத்தது. மூன்று வாரத்தில் அப்பா ஒரே ஒரு நாள்கூட மறக்காமல் தொட்டது அந்த டப்பாவைத்தான். பொடிக்கு முறை இல்லாத வாரத்திலும் துடைத்து வைத்தார்.

பொடியை ஒரு பாட்டிலில் கொட்டிப் பரண்மேல் வைத்தேன். டப்பாவைத் துடைத்தேன். என் மாத்திரைப் பட்டைகளை அதற்குள் அடுக்கினேன்.

“இனிமே தெனமும் இதுலேர்ந்து ஒன்னு. முறையெல்லாம் கெடையாது. சரியாப்பா?”

அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். தலையாட்டினார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா நலம் விசாரிக்க வந்தார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அப்பாவின் குரல்.

“இப்ப தேவலாம். மவன் அனுப்புன டப்பாலேர்ந்து தெனம் ஒன்னு போட்டுக்குறேன்!”

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

நீங்களே சொல்லுங்கள் மக்களே, இதில் ஜெயித்தது யார்?